லவீனா பாராட்டிய நாள்

லவீனா ஸ்ட்ரவுடைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் சட்டென்று வாயைத் திறக்க மாட்டார்கள். தொண்டையைக் கனைத்துக்கொள்வார்கள். பிறகு, "அவ சுட்ட ரொட்டியைப் பன்னிக்குப் போட்டா பன்னி யோசிக்கும்" என்பார்கள். "அவ பிடிவாதத்துக்கு முன்னால கோவேறு கழுதை கைகட்டி நிக்கணும்" என்பார்கள். வெளியூர்க்காரர் கேட்டால் யாரோ பொல்லாதவளைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொள்வார். அந்த மாவட்டத்திலேயே நல்ல ரொட்டி அவளுடையதுதான். நெப்ராஸ்காவின் கோதுமைக் காட்டுக்காரர்களுக்கு நாக்கு இப்படித்தான் வளையும். எங்கள் மனுஷி என்றால் குறை சொல்வோம்.

லவீனா பிறந்தது புல்வெளி மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிய வீட்டில். பத்துப் பிள்ளைகளில் எட்டாவது. மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு ஒழுகும். அவளுடைய அம்மா ஒரு கையில் குடையை அடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு மறு கையால் கஞ்சி கிளறுவாள். ஐந்து வயதில் லவீனா அடுப்பெரிக்கச் சாணி வறட்டி பொறுக்கினாள். ஏழு வயதில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கோழிக்குத் தீனி போட்டாள். பத்து வயதில் பதினோரு பேருக்கு ரொட்டி சுட்டாள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாளி தூக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நன்றாகத் தூக்கினாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிந்தினால் மட்டும் சொல்வார்கள்.

பத்தொன்பது வயதில் எம்மெட் ஸ்ட்ரவுடைக் கட்டிக்கொண்டாள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதில் ஆறு வார்த்தையைக் குதிரைகளுக்குச் செலவழிக்கிற ஆள் அவர். பேச்சுப் பங்கு முழுவதும் லவீனாவிடம் வந்து சேர்ந்தது. அவள் அதை வீணாக்கவில்லை. விடிகாலையில் அவள் பிள்ளைகளைத் திட்டுகிற குரல் கேட்டுத்தான் பக்கத்துப் பண்ணை ஐடா கன்னிங் எழுந்திருப்பாள் என்று ஊரில் சொல்வார்கள். இரண்டு பண்ணைக்கும் நடுவே அரை மைல்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் அந்த இரண்டு பெண்களும் சந்தித்தால் பார்க்க வேண்டும்.

"உங்க ஆர்ஃபா இன்னிக்கு என்ன அழகாப் பாடினா லவீனா!"

"அது பாட்டா? தாயைத் தேடற கன்னுக்குட்டி மாதிரி. உன் பையன் ராய்தான் தங்கம். என்ன அடக்கம்!"

"அவனா? அடக்கமெல்லாம் இல்லடி, தூக்கக் கலக்கம். பைபிளைத் தலைகீழாப் பிடிச்சிருந்தான், பாக்கலியா?"

இருவரும் திருப்தியாக வண்டியேறுவார்கள். தன் பிள்ளையைப் புகழ்வது எங்களுக்குத் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்கிற வேலை. புகழ்ச்சி அடுத்த வீட்டாருக்கு, விருந்தாளிக்கு, செத்தவருக்கு. லவீனாவின் இரண்டாவது பெண் வெர்னா இரண்டு வயதில் தொண்டை அடைத்துச் செத்துப்போனபோது, குழிமேட்டில் நின்று லவீனா சொன்னாள்: "ரொம்ப நல்ல குழந்தை. ஒரு தொந்தரவும் குடுத்ததில்லை." மூத்தவள் ஆர்ஃபாவுக்கு அப்போது ஐந்து வயது. அம்மா ஒரு பிள்ளையைப் புகழ்ந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அது அவள் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

நாலு வருஷம் கழித்து, 1908 இல், நியூயார்க்கிலிருந்து ஒரு சங்கம் பதினோரு அநாதைக் குழந்தைகளை ரயிலேற்றி எங்கள் ஊருக்கு அனுப்பியது. தேவாலயக் கூடத்தில் பெஞ்சு போட்டு, சட்டையில் எண் குத்தி, வரிசையாக உட்கார வைத்தார்கள். விவசாயிகள் வந்து பையன்களின் புஜத்தை அமுக்கிப் பார்த்தார்கள். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. லவீனா பிள்ளை எடுக்கப் போகவில்லை. எம்மெட்டோடு விளக்குக்குக் கண்ணாடி வாங்கப் போனவள், வேடிக்கை பார்க்க நுழைந்தாள். சாயங்காலம் ஆகிவிட்டது. பெஞ்சில் ஒரே ஒரு ஆறு வயதுப் பெண் மிச்சம் இருந்தது. வெர்னா இருந்திருந்தால் அந்த வயதுதான்.

"அந்தப் பொண்ணு கோட்டுல பட்டனை மாத்திப் போட்டிருக்கு," என்றாள் லவீனா.

எம்மெட் பார்த்தார். "ஆமா."

"யாரும் கவனிக்கலை பாருங்க, இத்தனை பேர் இருந்தும்."

பட்டனைச் சரி செய்துவிட்டு வருகிறேன் என்று போனவள், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். விளக்குக் கண்ணாடி வாங்க மறந்துபோயிற்று. பெண்ணின் பெயர் டெஸ்ஸி.

முதல் மூன்று மாதம் அந்த வீட்டில் லவீனாவின் குரல் பாதியாகிவிட்டது. டெஸ்ஸிக்கு விருந்தாளிக்கு எடுக்கிற நீலக்கரைத் தட்டில் சாப்பாடு. "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கிறியாம்மா? சிரமம் இல்லேன்னா அந்தக் கதவைச் சாத்தறியா கண்ணு?" என்று பேச்சு. சனிக்கிழமை சாயங்காலம் சமையலறைத் தரையில் தகரத் தொட்டியை இழுத்துப் போட்டு, கெட்டிலில் காய்ச்சிய வெந்நீரை ஊற்றிக் குடும்பமே குளிப்பது வழக்கம். தொட்டி ஒன்று, தண்ணீரும் ஒன்றுதான். மூத்த பிள்ளையில் தொடங்கிக் கடைசிப் பிள்ளை வரை ஒருவர் பின் ஒருவராக அதே தண்ணீரில் இறங்குவார்கள். டெஸ்ஸியை மட்டும் எல்லோருக்கும் முன்னால், புதுத் தண்ணீரில் இறக்கினாள் லவீனா. அவளுக்குத் தெரிந்த அன்பு அப்படி. டெஸ்ஸியோ கோழிக்குஞ்சு அளவுகூடச் சாப்பிடாமல் இளைத்தாள். கதவோரமாகத் தன் சின்னப் பெட்டியை வைத்திருந்தாள். அதைத் திறந்து துணியை வெளியே எடுக்கவே இல்லை.

அக்டோபரில் ஒரு நாள் டெஸ்ஸி பன்றிப் பட்டியின் கதவைத் தாழ் போடாமல் வந்துவிட்டாள். பதினாலு பன்றிகள் காய்கறித் தோட்டத்தில் இறங்கின. குளிர்காலத்துக்கு என்று வைத்திருந்த முட்டைக்கோஸ் ஒன்றுகூடத் தப்பவில்லை. லவீனா வெளியே வந்து பார்த்தாள். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வந்தது.

"ஏய் டெஸ்ஸி! கண்ணை எங்கடி அடகு வச்சே? தாழ் போடறதுக்கு உனக்கு நியூயார்க்லேருந்து ஆள் வரணுமா? வாடி இங்க! நீ அந்தப் பக்கம் மடக்கு, நான் இந்தப் பக்கம்! ஓடு, மரம் மாதிரி நிக்காதே!"

ஓடினாள். சேற்றில் விழுந்தாள், எழுந்து மறுபடி ஓடினாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு கிண்ணம் மொச்சை சாப்பிட்டாள். மறுநாள் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து ஆர்ஃபாவின் அலமாரியில் வைத்தாள். அந்தச் சனிக்கிழமை ஆர்ஃபாவுக்கு அடுத்து, சின்னவன் க்ளெம்முக்கு முன்னால், அவளுடைய முறை வந்தது. தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. ஆர்ஃபா அவளிடம் ரகசியம் போலச் சொல்லி வைத்தாள்: "அம்மா யாரையாவது புகழ்ந்தா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, அவங்க வெளியாளு. இல்லேன்னா போயிட்டாங்க."

வருஷத்துக்கு ஒரு தடவை சங்கத்தின் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார். பிள்ளையை வேலைக்காரியாக வைத்திருந்தாலோ கொடுமைப்படுத்தினாலோ அப்போதே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஒப்பந்தம். முறையாகத் தத்தெடுத்துவிட்டால் யாரும் தொட முடியாது. லவீனா அதைச் செய்யவில்லை. "ஆர்ஃபாவுக்கு மட்டும் பத்திரம் எழுதியா வச்சிருக்கேன்?" என்பாள். முதலில் வந்துகொண்டிருந்த கிழவர் எங்கள் நாக்கைத் தெரிந்தவர். வருவார், ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுடுகிற 'பை' சாப்பிடுவார், போய்விடுவார். அவர் ஓய்வு பெற்ற பிறகு, 1912 ஜூலையில், மிஸ் ஃபென்விக் என்ற பெண் வந்தாள். நியூயார்க்கை விட்டு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வந்தது சனிக்கிழமை மத்தியானம். ஸ்ட்ரவுட் பண்ணையில் கதிரடிப்பு.

கதிரடிப்பு என்றால் என்னவென்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நீராவி எஞ்சின் ஒவ்வொரு பண்ணையாக வரும். அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லோரும் கூடவே வருவார்கள். அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடுவது அந்த வீட்டுப் பெண்களின் மானப் பிரச்சினை. அன்று இருபத்திரண்டு பேர். லவீனாவும் ஐடாவும் காலை நாலு மணியிலிருந்து அடுப்படியில். கோழி வறுத்து, உருளைக்கிழங்கு மசித்து, ஆறு ஆப்பிள் பை, நாலு செர்ரிப் பை. ஆர்ஃபா உள்ளே அடுப்போடு அடுப்பாக வெந்துகொண்டிருந்தாள். மிஸ் ஃபென்விக் கண்ணில் பட்டது வெறுங்காலோடு, வேர்வை வழிய, தன் எடைக்குப் பாதி இருக்கும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆண்களுக்குப் பரிமாறிய டெஸ்ஸி மட்டும்தான்.

லவீனா அவளை மேஜைத் தலைமாட்டில் உட்கார வைத்து, நீலக்கரைத் தட்டை எடுத்து வைத்தாள். மிஸ் ஃபென்விக் நோட்டைத் திறந்தாள்.

"டெஸ்ஸி இங்கே எப்படி இருக்கா மிஸஸ் ஸ்ட்ரவுட்?"

"எப்படி இருப்பா? கையில வெண்ணெயைத் தடவிக்கிட்டுப் பொறந்தவ. எதை எடுத்தாலும் கீழதான்."

பென்சில் ஓடியது. "படிப்பு?"

"கணக்கு போடுவா. அதை வச்சு என்ன பண்றது, வாய் மிசௌரி ஆத்து நீளத்துக்கு இருக்கே. காலையில எழுப்பணும்னா அந்த எஞ்சின் விசிலை வீட்டுக்குள்ள கொண்டு வரணும்."

மேஜையில் இருந்த ஆண்கள் தலையை ஆட்டினார்கள். பரவாயில்லை, இந்தப் பெண் மேல் இவளுக்கு உயிர் என்று அவர்களுக்குப் புரிந்தது. ஐடா மட்டும் அந்தப் பென்சிலைக் கவனித்தாள். "லவீனா, போதும்" என்று முணுமுணுத்தாள். லவீனா நிறுத்தவில்லை. ஆர்ஃபாவுக்குச் சொல்வது போலவே, ஒரு குறையும் வைக்காமல், எல்லாக் குறையையும் சொல்லி முடித்தாள்.

மிஸ் ஃபென்விக் நோட்டை மூடினாள். அவள் கெட்டவள் இல்லை. கண் கலங்கியிருந்தது.

"மிஸஸ் ஸ்ட்ரவுட், உங்களை நான் குத்தம் சொல்லலை. சில வீட்டுக்குச் சில பிள்ளைங்க ஒத்துவராது. நாலு மணி வண்டியில டெஸ்ஸியைக் கூட்டிக்கிட்டுப் போறேன். அவளைப் பிரியமா வச்சுக்கற வீடு எங்கேயாவது கிடைக்கும்."

லவீனாவுக்கு முதலில் புரியவே இல்லை. கரண்டியோடு நின்றாள். எம்மெட் மட்டும் முட்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அய்யோ மேடம்," என்றாள் ஐடா, "அவ திட்டறது எல்லாம்..."

"நீங்க வேண்டாம்மா. அவங்களே சொல்லட்டும். நாலு வருஷம் வளர்த்திருக்காங்க. அந்தக் குழந்தையைப் பத்தி நல்லதா ஒரே ஒரு வார்த்தை, அவங்க வாயால சொல்லட்டும். போதும்."

இருபத்திரண்டு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். வெளியே எஞ்சின் மட்டும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. லவீனாவின் கழுத்து சிவந்தது. அவள் அம்மா அவளுக்குச் சொல்லாத வார்த்தை அது. அவள் ஆர்ஃபாவுக்குச் சொல்லாத வார்த்தை. உயிரோடு இருக்கிற எந்தப் பிள்ளைக்கும் அவள் சொன்னதில்லை. ஆனால் நாலு மணி வண்டி நாலு மணிக்கு வந்துவிடும். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் சரி செய்துகொண்டு, விருந்தாளிகளிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"டெஸ்ஸி ரொம்ப நல்ல பொண்ணு. எங்களுக்கு ஒரு தொந்தரவும் குடுத்ததில்லை."

வாசற்படியில் பெரிய சத்தம். டெஸ்ஸி நின்றுகொண்டிருந்தாள். பீங்கான் குழம்புப் பாத்திரம் அவள் காலடியில் எட்டுத் துண்டாகக் கிடந்தது. அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

அவள் ஏப்ரனை அவிழ்த்தாள். நாலாக மடித்தாள். நாற்காலி முதுகில் மெதுவாகப் போட்டாள்.

"என் பெட்டி எங்க இருக்கும்மா?" என்று கேட்டாள். பத்து வயதுப் பெண். குரலில் அழுகைகூட இல்லை.

லவீனா அவளைப் பார்த்தாள். மடித்துப் போட்ட ஏப்ரனைப் பார்த்தாள். தரையில் கிடந்த பாத்திரத்தைப் பார்த்தாள். சங்கம், ஒப்பந்தம், ரயில் எல்லாம் அவளுக்கு மறந்துபோயின.

"பெட்டியா? பெட்டி எதுக்குடி உனக்கு? எங்க அம்மா குடுத்த பாத்திரத்தைச் சுக்குநூறா ஆக்கிட்டு மகாராணி எங்க கிளம்பறீங்க? தரையை யார் துடைப்பா, நானா? ஏப்ரனை யாருடி அவுக்கச் சொன்னா? கட்டு! இன்னும் நாலு பை வெட்டணும், ஊரே உக்காந்திருக்கு, இவ நிக்கறா பாரு வேலிக் கம்பு மாதிரி! வெறுங்காலோட வேற! அந்தத் துண்டை மிதிச்சே, தொலைச்சுடுவேன்!"

டெஸ்ஸியின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை இருபத்திரண்டு பேர் பார்த்தார்கள். அவள் ஏப்ரனை இழுத்துக் கட்டிக்கொண்டாள். முடிச்சு சரியாக விழவில்லை. துணியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து துடைத்தாள். துடைக்கும்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள். லவீனாவும் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் பாதத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, திட்டிக்கொண்டே துண்டுகளைப் பொறுக்கினாள்.

மிஸ் ஃபென்விக் எழுந்து வந்து குனிந்தாள். "டெஸ்ஸி, அம்மா உன்னை எப்பவும் இப்படித்தான் திட்டறாங்களா?"

"ஆமா மேடம். ஆனா முதல் மூணு மாசம் திட்டவே இல்லை." டெஸ்ஸி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "ரொம்பப் பயமா இருந்துது."

மிஸ் ஃபென்விக் நிமிர்ந்தாள். பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். லவீனா எழுந்து அவளுக்கு ஒரு துண்டு ஆப்பிள் பை வைத்தாள். "மேல் மாவு கருகிப்போச்சு. வாயில வைக்க முடியுமோ என்னவோ."

மிஸ் ஃபென்விக் ஒரு வாய் மென்றாள். யோசித்தாள்.

"ஆமா," என்றாள். "கருகித்தான் போச்சு. இனிப்பும் பத்தலை."

லவீனா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பதினாலு வருஷக் கதிரடிப்பில் அவள் சொன்ன குறையை ஒத்துக்கொண்ட முதல் ஆள் இந்த மிஸ் ஃபென்விக்தான். மேஜை முழுக்கச் சிரித்தது. எம்மெட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நோட்டில் மிஸ் ஃபென்விக் எழுதியிருந்ததை அடித்துவிட்டு என்ன எழுதினாள் என்று யாருக்கும் தெரியாது. நாலு மணி வண்டியில் தனியாகப் போனாள், மடியில் அரை செர்ரிப் பையோடு.

அன்று சாயங்காலம் வழக்கம்போலத் தொட்டியை இழுத்துப் போட்டார்கள். ஆர்ஃபா இறங்கி ஏறியாயிற்று. டெஸ்ஸியின் காதுக்குப் பின்னால் லவீனா தோல் உரியும்படி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மத்தியானம் சொன்னீங்களே, அது நிஜமா?"

"எது?"

"நான் நல்ல பொண்ணுன்னு."

"பொய். வாயை மூடு, சோப்பு போயிடும்."

ஆனால் காது எப்போதோ சுத்தமாகிவிட்டது. அந்தக் கை மட்டும் அங்கேயே இருந்தது. அறுவடை முடிந்த அடுத்த வாரமே லவீனா எம்மெட்டை இழுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போய்த் தத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். திரும்பி வந்து, பத்திரத்தின் எழுத்து கோழி கிளறினது போல இருக்கிறது என்றாள்.

அதன் பிறகு அவள் முப்பத்தேழு வருஷம் இருந்தாள். புழுதிப் புயல் வந்த வருஷங்களில் பாதி ஊர் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போயிற்று. அவள் ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி அடைத்துக்கொண்டு அங்கேயே ரொட்டி சுட்டாள். எம்மெட்டைப் புதைத்தாள், அவரைப் புகழ்ந்தாள். ஐடாவின் பையன் ராய் டெஸ்ஸியைப் பெண் கேட்டு வந்து கட்டிக்கொண்டான். அதுவரை தங்கம் தங்கம் என்று லவீனா சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பையன், கல்யாணமான மறு வாரமே உதவாக்கரையாகிவிட்டான். ராய் அதை ஊரெல்லாம் போய்ப் பெருமையாகச் சொன்னான்.

1949 மார்ச்சில் லவீனா படுத்தாள். இருதயம். டெஸ்ஸி தன் வீட்டையும் ராயையும் ஐடாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்து கூடவே இருந்தாள். பதினோராவது நாள் மத்தியானம், வெயில் போர்வை மேல் விழுந்திருந்தது. டெஸ்ஸி ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாள். லவீனா குடித்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ரொம்ப நன்றிம்மா," என்றாள். "நீ நல்ல பொண்ணு டெஸ்ஸி. எனக்கு ஒரு தொந்தரவும் குடுத்ததில்லை."

டெஸ்ஸிக்கு நாற்பத்தேழு வயது. பேரப்பிள்ளை எடுக்கிற வயது. அவள் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து போர்வையெல்லாம் நனைந்தது.

"அம்மா, வேண்டாம்மா," என்றாள். "அப்படிச் சொல்லாதீங்க. என்னை எங்கேயும் அனுப்பாதீங்க."

லவீனா கண்ணை மூடியிருந்தாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்து நனைந்த போர்வையைப் பார்த்தாள்.

"கொட்டிட்டே பாரு," என்றாள். "அப்பவே சொன்னேன். வெண்ணெய்க் கை."